வீடு வேறு, துணை வேறு



அழைப்பிதழில் என் பெயருக்குக் கீழே ‘சிறப்புக் கல்வி ஆசிரியை, ஓய்வு’ என்று அச்சிட்டிருக்கிறார்கள். முப்பத்தோரு வருடம் சிறப்புப் பள்ளியில் வேலை பார்த்தது உண்மைதான். ஆனால் இன்றைக்குச் சொல்லப்போவதில் பாதிக்கு மேல் ஒரு தங்கையாகக் கற்றுக்கொண்டது. என் அண்ணனுக்கு டவுன் சிண்ட்ரோம். வயது ஐம்பத்தெட்டு.

உறையூரில் எங்கள் வீட்டு வாசலில், விளக்கு வைத்த பிறகு, அண்ணன் செருப்புகளை எண்ணுவார். அப்பாவுடையது, அம்மாவுடையது, என்னுடையது, தன்னுடையது. நான்கு ஜோடியும் வந்து சேர்ந்தால்தான் கேட்டுக்குக் கொண்டி போடுவார். நான் டியூஷன் முடிந்து வர நேரமானால் கேட்டைப் பிடித்துக்கொண்டு நிற்பார். “பாப்பா, ஒண்ணு கொறையுது” என்பார். அப்பா போன பிறகு மூன்றானது. எனக்குக் கல்யாணமாகி இரண்டானது. எண்ணுவது மட்டும் நிற்கவில்லை.

2013இல் அம்மா இறந்தார். அது பங்காளிகளோடு பொதுவில் இருந்த பூர்வீக வீடு. விற்றுப் பங்கு பிரித்தார்கள். பதினாறாம் நாள் காரியம் முடிந்த கையோடு அண்ணனை நான் குரோம்பேட்டைக்கு, எங்கள் மூன்றாவது மாடி பிளாட்டுக்குக் கூட்டிவந்துவிட்டேன். அங்கே செருப்பு ஸ்டாண்டு கதவுக்கு வெளியே இருக்கும். எதிர் பிளாட்காரர் செருப்பும் அதில்தான் கிடக்கும். அண்ணன் எண்ணிப் பார்த்தார். கணக்கு வரவில்லை. ராத்திரி பதினோரு மணிக்குக் கதவைத் திறந்துகொண்டு போய் மறுபடி எண்ணினார். ஏழு மாதம் அவரும் தூங்கவில்லை, நாங்களும் தூங்கவில்லை.

அண்ணன் அம்மாவை இழந்து தவிக்கிறார் என்றுதான் அப்போது நினைத்தேன். அவர் இழந்தது இரண்டு. அம்மா ஒன்று. அந்த வாசல், அந்தத் தெரு, பெயர் சொல்லிக் கூப்பிடும் மளிகைக்கடைக்காரர், தினமும் போய் நிற்கும் பிள்ளையார் கோயில், இதெல்லாம் சேர்ந்து இன்னொன்று. முதல் இழப்பை யாராலும் தடுத்திருக்க முடியாது. இரண்டாவது என் கையால் நடந்தது. பாசத்தோடுதான் செய்தேன்.

இந்த உரையில் நான் வைக்கப்போகும் கருத்து ஒன்றுதான். அறிவுசார் குறைபாடு உள்ள ஒருவருக்கு இருக்க இடம் வேண்டும். கூட இருக்கத் துணை வேண்டும். இரண்டையும் ஒரே முடிச்சில் கட்டினால், அவிழும்போது இரண்டும் சேர்ந்தே அவிழும். 

சேர்ப்பது, வைத்துக்கொள்வது, குடியிருப்பது

முதலில் சொற்கள். நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் ‘மனவளர்ச்சி குன்றியோர்’ என்றோம். இப்போது சட்டமும் அரசும் ‘அறிவுசார் குறைபாடு’ என்கின்றன. இங்கிலாந்தில் இதையே ‘லேர்னிங் டிசபிலிட்டி’ என்பார்கள். நம் ஊரில் அந்தச் சொல்லைக் கேட்டால், எழுத்துக் கூட்டிப் படிக்கத் திணறும் டிஸ்லெக்சியா பிள்ளைகள் நினைவுக்கு வருவார்கள். அது வேறு, இது வேறு. மனநோய் மூன்றாவது. மனநோய்க்குச் சிகிச்சை உண்டு. அறிவுசார் குறைபாடு பிறப்பிலோ வளரும் பருவத்திலோ வந்து ஆயுளுக்கும் கூடவே இருப்பது. 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டமே இதை மனநோய் என்ற வரையறைக்கு வெளியே வைத்திருக்கிறது.

அடுத்து, நம் வீடுகளில் புழங்கும் வினைச்சொற்களைக் கவனியுங்கள். “அக்கா பையனை வீட்டிலேயே வச்சிருக்காங்க.” “தாங்க முடியாம ஹோம்ல சேர்த்துட்டாங்க.” ஆங்கிலேயனுக்கு ‘ஹோம்’ என்றால் தன் வீடு. தமிழில் அதே சொல்லுக்குத் தன் வீடு அல்லாத இடம் என்று பொருள். வைத்துக்கொள்வது, சேர்ப்பது என்ற இரண்டு வினையிலும் எழுவாய் நாம், அவர் செயப்படுபொருள். ‘குடியிருக்கிறார்’ என்று அவரை எழுவாயாக வைத்து யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. ஐம்பது வயது ஆளைக்கூட ‘பையன்’, ‘குழந்தை’, ‘அவன்’ என்றுதானே சொல்கிறோம்? குழந்தைக்கு ஏது தனிக் குடித்தனம்?

ஏன் இப்போது இந்தப் பேச்சு

போன தலைமுறைக்கு இந்தக் கேள்வி இவ்வளவு கூர்மையாக வரவில்லை. 1983இல் அமெரிக்காவில் டவுன் சிண்ட்ரோம் உள்ளவர்கள் இறக்கும் சராசரி வயது 25. இன்று வசதியுள்ள நாடுகளில் அது 60ஐத் தொடுகிறது. பிறவி இதயக் கோளாறுகளுக்கு அறுவை சிகிச்சை வந்தது. மருத்துவமனைகள் இவர்களைத் தட்டிக்கழிப்பதும் குறைந்தது. பெற்றோரை முந்திக்கொண்டு போன பிள்ளைகள் இப்போது பெற்றோருக்குப் பிறகும் இருக்கிறார்கள். 2011 கணக்கெடுப்பில் இந்தியாவில் அறிவுசார் குறைபாடு உள்ளவர்கள் என்று பதிவானவர்கள் மட்டும் சுமார் 15 லட்சம் பேர்.

என் வகுப்பறை வாசலில் எத்தனையோ அம்மாக்கள் ஒரே வேண்டுதலைச் சொல்லியிருக்கிறார்கள்: “எனக்கு ஒரு நாள் முன்னாடி இவன் போயிடணும் டீச்சர்.” பெற்ற வயிறு இப்படி வேண்டுகிறது என்றால் குறை அந்த வயிற்றில் இல்லை. தான் இல்லாத மறுநாள் பிள்ளை எங்கே கண்விழிப்பான் என்று அவளுக்குச் சொல்ல ஆள் இல்லை. அந்த ஒரு நாள் இடைவெளியைப் பற்றித்தான் நாம் பேசுகிறோம்.

பெட்டி கட்டும் கேள்வி

என்னென்ன ஏற்பாடுகள் இருக்கின்றன, எது நல்லது என்று பெற்றோர்கள் கேட்பார்கள். கட்டடத்தையும் சாப்பாட்டுப் பட்டியலையும் பார்த்து எடைபோடுவது வழக்கம். நான் ஒரு கேள்வியைக் கையில் வைத்திருக்கிறேன்: அங்கே உங்கள் பிள்ளைக்கும் பார்த்துக்கொள்பவருக்கும் ஒத்துவராமல் போனால், யார் பெட்டி கட்ட வேண்டும்?

அம்மா வீட்டில் யாரும் கட்ட வேண்டாம். ஆனால் அம்மாவே கிளம்பும் நாளில் பிள்ளையும் கட்ட வேண்டும். அண்ணன் தம்பி வீட்டில் சண்டை வந்தால் கட்டுபவர் இவர்தான். பல வீடுகளில் சண்டைகூட வேண்டாம். அண்ணி படுத்துவிட்டால் போதும். ‘குடும்பம் பார்த்துக்கொள்கிறது’ என்று பெருமையாகச் சொல்கிறோமே, அந்தக் குடும்பம் என்பது பெரும்பாலும் ஒரே ஒரு பெண். அவளுக்கு லீவு கிடையாது, சம்பளம் கிடையாது, மாற்று ஆளும் கிடையாது. 

அடுத்தது ஹோம். ஏழு மாதத்துக்குப் பிறகு அண்ணனை நானும் ஒரு ஹோமில் சேர்த்தேன். மூன்று மாதம் இருந்தார். நல்ல இடம்தான். அடி கிடையாது, பட்டினி கிடையாது, வாரம் ஒரு முறை டாக்டர் வருவார். எல்லோருக்கும் ஒரே மாதிரி நீல ரப்பர் செருப்பு. மேலே வெள்ளைப் பெயிண்டில் எண். அண்ணனுடையது 14. நான் பார்க்கப் போன மூன்றாவது தடவை, அண்ணன் வாசலுக்கு வந்து நின்றார். செருப்புகளைப் பார்த்தார். எண்ணவில்லை. ஊழியர்கள் அதைச் சொல்லிச் சந்தோஷப்பட்டார்கள்: “இப்பல்லாம் அந்தப் பழக்கம் போயிடுச்சும்மா.”

ஹோம்களை நான் பழிக்கவில்லை. வலிப்பு அடிக்கடி வருகிறவர், குழாய் வழியாக உணவு ஏறுகிறவர், படுக்கையில் புரட்டிவிட வேண்டியவர், இவர்களுக்கு இருபத்துநான்கு மணி நேரமும் பயிற்சி பெற்ற கைகள் வேண்டும். ஒரு வீட்டுக்குள் அதை அமைப்பது பல குடும்பங்களுக்கு ஆகிற காரியம் இல்லை. ஆனால் ஹோமில் படுக்கையும் பராமரிப்பும் ஒரே ரசீதில் வருகின்றன. பராமரிப்பில் குறை சொன்னால் படுக்கை போகும் என்ற பயம் வருகிறது. அதனால் பெற்றோர் வாயைத் திறப்பதில்லை. மாதக் கட்டணத்தோடு நாம் கொடுக்கும் இன்னொரு விலை இந்த மௌனம்.

இங்கிலாந்து பட்ட பாடு

இந்த முடிச்சை அவிழ்த்துப் பார்த்த நாடுகளில் இங்கிலாந்தை எடுத்துக்கொள்கிறேன். ஜெயித்ததும் தோற்றதும் அங்கே ஆவணங்களில் இருக்கின்றன.

1960களில் அங்கே இவர்களுக்கென்று ஊருக்கு வெளியே பெரிய பெரிய மருத்துவமனைகள் இருந்தன. நோயாளிகள் அல்லாதவர்கள் ஆயுள் முழுக்க வார்டில் வாழ்ந்தார்கள். வேல்ஸில் கார்டிஃப் நகரின் ஈலி மருத்துவமனையில் நடந்த கொடுமைகளை 1967இல் ஒரு பத்திரிகை வெளியிட்டது. ஜெஃப்ரி ஹவ் தலைமையிலான விசாரணை அறிக்கை 1969இல் வந்தது. 1971இல் அரசின் வெள்ளை அறிக்கை மருத்துவமனைப் படுக்கைகளைப் பாதியளவுக்குக் குறைத்து ஊருக்குள் வீடுகள் தர வேண்டும் என்றது. அதே காலத்தில் ஸ்வீடனின் பெங்க்ட் நீரியே எளிய விஷயம் ஒன்றைச் சொன்னார்: மற்றவர்களுக்கு ஒரு நாளுக்கு, ஒரு வாரத்துக்கு, ஒரு வருடத்துக்கு என்ன தாளம் இருக்கிறதோ அதே தாளம் இவர்களுக்கும் வேண்டும். ஸ்வீடன் 1994இல் அமலான சட்டத்தில் துணையாளை உரிமையாகவே ஆக்கியது. அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் பெரிய விடுதிகளை மூடவும் சட்டம் போட்டது. 

இங்கிலாந்தில் இன்று பெரியவர்களுக்கு மூன்று முக்கிய வழிகள் உண்டு.

ஒன்று, பதிவு பெற்ற பராமரிப்பு இல்லம். நம் ஹோம் போலத்தான். ஆனால் பெரும்பாலும் சிறியது. உள்ளே போகிறவரின் உதவித்தொகையில் பெரும்பகுதி கட்டணத்துக்குப் போய்விடும். கைச்செலவுக்கு வாரம் 30 பவுண்டு அளவில் மிஞ்சும். பெட்டி கட்டுவது அவர்தான்.

இரண்டாவது, ‘ஷேர்டு லைவ்ஸ்’. தேர்வு செய்து பயிற்சி கொடுத்த ஒரு குடும்பம் தன் வீட்டில் இவரைச் சேர்த்துக்கொள்ளும். அதற்குப் பணம் உண்டு, மேற்பார்வை உண்டு. ஒரு வீட்டில் மூன்று பேருக்கு மேல் கூடாது. சாப்பாட்டு மேசை, பண்டிகை, தாத்தா பாட்டி எல்லாம் கிடைக்கும். ஒத்துப்போனால் இதைப் போல இதமான ஏற்பாடு இல்லை. ஒத்துப்போகாவிட்டால் பெட்டி இவர் கையில்.

மூன்றாவதுதான் நான் சொல்லவந்த முடிச்சவிழ்ப்பு: ‘சப்போர்ட்டட் லிவிங்’. தமிழில் ‘துணையோடு தனிக் குடித்தனம்’ என்று வைத்துக்கொள்வோம். வீட்டு வாடகை ஒப்பந்தம் அவர் பெயரில். வாடகைக்கு வீட்டுவசதி உதவித்தொகை வரும். துணையாளுக்கான செலவை உள்ளாட்சி தனியாகத் தரும். வீட்டுக்காரர் வேறு, துணை தரும் அமைப்பு வேறு. துணை பிடிக்கவில்லையென்றால் அமைப்பை மாற்றலாம், வீடு நகராது. அதாவது பெட்டி கட்டுவது ஊழியர்.

இதிலேயே இன்னொரு வகை எனக்கு மிகவும் பிடித்தது. 1990இல் தொடங்கிய ‘கீரிங்’ என்ற அமைப்பு. பெயருக்கு அர்த்தம் சாவிவளையம். ஒன்பது பத்துப் பேர், ஒருவர் வீட்டுக்கு ஒருவர் நடந்து போகும் தூரத்தில், ஆளுக்கொரு வீட்டில் தனித்தனியாகக் குடியிருப்பார்கள். அதே வட்டாரத்தில் ஒரு தன்னார்வலர் குடியிருப்பார். கரண்ட் பில் புரியவில்லை, குழாய் ஒழுகுகிறது என்றால் அவரிடம் போகலாம். ஆனால் நாளடைவில் அவர்கள் ஒருவருக்கொருவர் உதவிக்கொள்கிறார்கள். கணக்கு தெரிந்தவர் கணக்குப் பார்க்கிறார். சமைக்கத் தெரிந்தவர் கூப்பிட்டுச் சாப்பாடு போடுகிறார். குறைவான உதவி போதும் என்பவர்களுக்கே இது பொருந்தும். தெருவையே துணையாக்கிய யோசனை இது.

மறுபக்கத்தையும் சொல்லாவிட்டால் நான் உங்களை ஏமாற்றியவள் ஆவேன். பெயரை மட்டும் மாற்றிக்கொண்ட இடங்கள் அங்கே உண்டு: நேற்றுவரை இல்லம், இன்று அதே கட்டடத்தில் அதே ஆட்கள், சுவரில் மட்டும் ‘சப்போர்ட்டட் லிவிங்’. தனி வீடு கிடைத்தும் பேச ஆளில்லாமல் டிவி முன்னால் நாள் கழிப்பவர்கள் உண்டு. 2010க்குப் பிறகு உள்ளாட்சிகளின் பணம் சுருங்கியபோது துணை நேரமும் சுருங்கியது. மருத்துவமனை என்ற பெயரில் பழைய வாசல் ஒன்றும் திறந்தே இருந்தது. பிரிஸ்டல் அருகே வின்டர்போர்ன் வியூ என்ற 24 படுக்கைத் தனியார் மருத்துவமனையில் ஊழியர்கள் குடியிருந்தவர்களை அடித்துத் துன்புறுத்தியதை 2011 மே மாதம் பிபிசி ஒளிபரப்பியது. அங்கே ஒருவருக்கு வாரக் கட்டணம் சராசரி 3,500 பவுண்டு. வேலை பார்த்த செவிலியர் ஒருவர் முன்பே எச்சரித்தும் கேட்பார் இல்லை. பதினொரு ஊழியர்கள் தண்டிக்கப்பட்டார்கள். ஆறு பேருக்குச் சிறை. இப்படிப்பட்ட இடங்களிலிருந்து மக்களை வெளியே கொண்டுவருவோம் என்று அரசு வாக்குக் கொடுத்துப் பத்தாண்டு கடந்தும் சுமார் 2,000 பேர் உள்ளே இருந்தார்கள். கட்டணம் அதிகம் என்றால் பத்திரம் என்று நினைக்கும் பெற்றோருக்காகவே இதைச் சொல்கிறேன்.

2014இல் அந்த நாட்டு உச்ச நீதிமன்றம் ஒரு வழக்கில், எப்போதும் கண்காணிப்பில் இருந்து, விரும்பியபடி வெளியேற முடியாத இடம் எவ்வளவு வசதியாக இருந்தாலும் அங்கே சுதந்திரம் பறிபோயிருக்கிறது என்று சொன்னது. தங்கக் கூண்டும் கூண்டுதான் என்பது நீதிபதி ஹேல் அம்மையார் கருத்தின் சாரம். நம் வீடுகளுக்கும் இது பொருந்தும். வெளிப்பக்கம் பூட்டிவிட்டு வேலைக்குப் போகும் பெற்றோர் நம்மிடையே இல்லையா?

நம் ஊரில் என்ன இருக்கிறது

இந்தியாவில் அரசு உதவியோடு நடக்கும் ஏற்பாடுகளுக்கு அடிப்படை 1999இல் வந்த தேசிய அறக்கட்டளைச் சட்டம். ஆட்டிசம், பெருமூளை வாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகைக் குறைபாடு ஆகிய நான்குக்கும் அது பொருந்தும். அதன் ‘கரௌந்தா’ திட்டம் பெரியவர்களுக்கான ஆயுள்காலக் குழு இல்லம். ‘சமர்த்’ பெற்றோருக்கு மூச்சுவிட இடம் தரும் தற்காலிகத் தங்கல். ‘நிராமயா’ ஒரு லட்ச ரூபாய் வரை மருத்துவக் காப்பீடு. தமிழ்நாடு அரசு மாதம் 2,000 ரூபாய் பராமரிப்பு உதவித்தொகை தருகிறது. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 5ஆம் பிரிவு, சமூகத்தில் வாழும் உரிமை இவர்களுக்கு உண்டு என்கிறது. இந்தியா 2007இல் ஏற்ற ஐ.நா. உடன்படிக்கையின் 19ஆம் பிரிவு இன்னும் தெளிவு: எங்கே, யாரோடு வாழ்வது என்பதைத் தேர்ந்தெடுக்கும் வாய்ப்பு மற்றவர்களுக்குச் சமமாக இவர்களுக்கும் வேண்டும்.

இல்லங்களுக்குத் திட்டம் இருக்கிறது. நபருக்கு உதவித்தொகை இருக்கிறது. ஆனால் ‘இவருக்கு இத்தனை மணி நேரத் துணை’ என்று கணக்கிட்டுக் கொடுக்கும் ஏற்பாடு நம்மிடம் வேரூன்றவில்லை. அதனால் துணை வேண்டுமா, இல்லத்துக்குப் போ என்றாகிறது.

சேர்ந்து வாழும் சமூகங்களும் உண்டு. 1964இல் பிரான்சில் ஷான் வனியே தொடங்கிய ‘லார்ஷ்’ இயக்கத்தில், குறைபாடு உள்ளவர்களும் இல்லாதவர்களும் ஒரே வீட்டில் வாழ்வார்கள். இந்தியாவில் அதன் பெயர் ஆஷா நிகேதன். 1970இல் பெங்களூரில் தொடங்கி, சென்னையிலும் இருக்கிறது. ஊழியர் என்று ஒரு கூட்டம், பயனாளி என்று ஒரு கூட்டம் என்ற பிரிவை அழிக்கப் பார்த்த அழகான முயற்சி. ஆனால் வனியே இறந்த பிறகு, 2020இல், அந்த இயக்கமே நடத்திய விசாரணையில் அவர் பெண்கள் சிலரைப் பாலியல் ரீதியாகச் சுரண்டியது வெளிவந்தது. அவர்கள் குறைபாடு உள்ளவர்கள் அல்லர் என்றாலும் பாடம் நமக்கும்தான். எந்த அன்பு இல்லமாக இருந்தாலும் வெளியிலிருந்து ஒரு கண் வேண்டும். நிறுவனர் மகானாக இருந்தால் இரண்டு கண் வேண்டும்.

ராத்திரிக் கணக்கு

எந்த ஏற்பாடு யாருக்கு என்பதைப் பகலை வைத்து முடிவு செய்யாதீர்கள். ராத்திரியை வைத்து முடிவு செய்யுங்கள். பகலில் பயிற்சி மையம், தெரு, கோயில் என்று நேரம் போய்விடும். ராத்திரி இரண்டு மணிக்கு என்ன தேவை? இங்கிலாந்தில் இதை இரண்டாகப் பிரிப்பார்கள். துணையாள் அங்கேயே படுத்திருந்தால் போதும், தேவைப்பட்டால் எழுப்பிக்கொள்ளலாம் என்பது ஒன்று. கண்விழித்தே இருக்க வேண்டும் என்பது இன்னொன்று. செலவு இங்கேதான் தாவி ஏறும். படுத்திருக்கும் நேரத்துக்கு முழுக் குறைந்தபட்ச ஊதியம் உண்டா என்று அங்கே உச்ச நீதிமன்றம் வரை போனார்கள். இல்லை என்று 2021இல் தீர்ப்பு வந்தது. 

உங்கள் பிள்ளைக்கு விழித்திருக்கும் ஆள் வேண்டுமென்றால், நான்கைந்து பேர் பகிர்ந்துகொள்ளும் குழு வீடு பொருத்தமாக இருக்கும். படுத்திருக்கும் ஆள் போதுமென்றால் இரண்டு மூன்று பேர் சேர்ந்த குடித்தனம் நடக்கும். ராத்திரி ஆளே வேண்டாம் என்றால் சாவிவளையம்போல ஒரு தெரு போதும். தேவை மாறவும் செய்யும். டவுன் சிண்ட்ரோம் உள்ளவர்களில் பலருக்கு ஐம்பதைத் தாண்டியதும் மறதிநோய் தலைகாட்டுகிறது. அப்போது துணையைக் கூட்ட வேண்டும். பழகிய சுவர்களையே அடையாளமாகப் பற்றிக்கொண்டிருப்பவரை, அந்த நேரம் பார்த்து இடம்பெயர்ப்பது இரட்டை இருட்டு.

பத்திரத்திலேயே பிரியுங்கள்

பெற்றோர்கள் நாளைக்கே செய்யக்கூடியது ஒன்று உண்டு. நம்மில் பலர் வீட்டை மூத்த மகன் பெயருக்கு எழுதிவிட்டு, “தம்பியைப் பார்த்துக்கடா” என்று வாய்மொழியாகச் சொல்லிவிட்டுப் போகிறோம். சொத்தும் ஆளும் ஒரே கையில். அந்தக் கை நல்ல கையாகவே இருக்கட்டும். அதற்கும் ரத்த அழுத்தம் உண்டு, கடன் உண்டு, வெளிநாட்டு வேலை உண்டு. 

நம் பழைய செட்டில்மென்ட் பத்திரங்களில் ‘ஆயுள் பரியந்தம் அனுபவித்துக்கொள்ள வேண்டியது’ என்று ஒரு வரி வரும். விதவைத் தாய்க்கும் கல்யாணமாகாத அத்தைக்கும் அப்படி எழுதிவைத்தார்கள். இந்தப் பிள்ளைக்கும் எழுதலாம். அல்லது 1882ஆம் ஆண்டின் அறக்கட்டளைச் சட்டப்படி தனி அறக்கட்டளை ஏற்படுத்தி, வீட்டையும் பணத்தையும் அதில் வைத்து, இரண்டு மூன்று பேரைப் பொறுப்பாளர்களாக்கலாம். அறக்கட்டளை என்றால் பள்ளிக்கும் கோயிலுக்கும் சொற்பொழிவுக்கும் மட்டும் என்றில்லை. ஒரு மனிதன் தன் வாசலில் நிம்மதியாகக் கொண்டி போடுவதற்கும் வைக்கலாம். சட்டப்பூர்வப் பாதுகாவலரை, மாவட்ட ஆட்சியர் தலைமையிலான உள்ளூர்க் குழு நியமிக்கும். பணத்தை வைத்திருப்பவரும் பாதுகாவலரும் ஒரே ஆளாக இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஒருவரை ஒருவர் கேள்வி கேட்கட்டும்.

பிள்ளையையும் கேளுங்கள். பேச்சு வராதவர்களும் பதில் சொல்வார்கள். எந்த வீட்டுக்குப் போனால் சாப்பிடுகிறார், எங்கே போனால் நகம் கடிக்கிறார், யார் வந்தால் எழுந்து வருகிறார் என்று ஒரு நோட்டில் எழுதிவாருங்கள். பெற்றோர் நீங்கள் இருக்கும்போதே வாரத்துக்கு இரண்டு ராத்திரி அங்கே தங்கப் பழக்குங்கள். உங்கள் மரணத்தன்றுதான் குடிபுக வேண்டும் என்ற கட்டாயம் யாருக்கும் இல்லை.

மூன்று ஜோடி

ஹோமிலிருந்து அண்ணனைத் திரும்பக் கூட்டிவந்த கதையோடு முடிக்கிறேன். உறையூரில் பழைய தெருவிலேயே ஒரு தரைத்தள போர்ஷன் தேடினோம். வீட்டுக்காரர்கள் அண்ணன் முகத்தைப் பார்த்ததும் “சொந்தக்காரங்களுக்குச் சொல்லியிருக்கோம்” என்றார்கள். 1872இல் வந்த ஒப்பந்தச் சட்டம் தெளிந்த மனம் கேட்கிறது; 2016ஆம் ஆண்டுச் சட்டம் இவர்களுக்கும் சட்டத்தகுதி சமம் என்கிறது; நடுவில் வீட்டுக்காரர் சாவியோடு நிற்கிறார். ஏழாவதாகப் பார்த்த வீட்டுக்கார அம்மா எங்கள் அம்மாவைத் தெரிந்தவர். ஒப்பந்தத்தில் குடித்தனக்காரர் என்ற இடத்தில் அண்ணன் பெயர். பாதுகாவலர் என்று நான் கையெழுத்திட்டேன். அண்ணன் தன் பெயரின் முதல் எழுத்தை மட்டும் பேனாவை அழுத்திப் போட்டார். அவரோடு பழைய பயிற்சி மையத்து நண்பர் ஒருவரும் சேர்ந்துகொண்டார். காலையில் சமைக்க ஓர் அம்மா, ராத்திரிக்கு ஒரு தம்பி. செலவு இரு குடும்பங்களுக்கும் பாதிப் பாதி.

எல்லாம் சுபம் என்று சொல்ல மாட்டேன். சமையல்கார அம்மா லீவு போட்டால் இட்லிக் கடைதான். ஒரு தடவை கேஸ் அடுப்பை அணைக்காமல் விட்டார்கள். நான் மாதம் இரண்டு முறை ரயிலேறுகிறேன், எனக்கும் வயதாகிறது. எங்களுக்கு ஓரளவு பணம் இருந்தது, இது முடிந்தது. பணம் இல்லாதவருக்கும் இது முடிய வேண்டுமென்றால், துணை நேரத்துக்கு அரசு பணம் தர வேண்டும். இந்த மேடையிலிருந்து நான் வைக்கும் ஒரே கோரிக்கை அதுதான்.

போன ஆடி மாதம் ராத்திரித் தம்பிக்கும் அண்ணனுக்கும் ஏதோ தகராறு. டிவி சத்தமாக இருந்திருக்கலாம், வேறேதாவதாகவும் இருந்திருக்கலாம். தம்பி கோபித்துக்கொண்டு தன் பையை எடுத்துக்கொண்டு போய்விட்டார். நண்பர் எனக்குப் போன் போட்டுக் கொடுத்தார். நான் பதறிக்கொண்டு, “அண்ணா, நாளைக்குக் காலையில வந்து உன்னைக் கூட்டிட்டு வந்துடறேன்” என்றேன்.

“எங்க?” என்றார் அண்ணன்.

எனக்குப் பதில் வரவில்லை. பக்கத்துப் போர்ஷன்காரர் அன்று ராத்திரி வந்து படுத்துக்கொள்வதாகச் சொன்னார். போனை வைக்காமலே அண்ணன் வாசலுக்குப் போவது கேட்டது. வாய்விட்டு எண்ணினார். தன்னுடையது, நண்பருடையது, பக்கத்து வீட்டுக்காரருடையது.

“பாப்பா, மூணு இருக்கு” என்றார். கொண்டி விழும் சத்தம் கேட்டது.